நாற்பத்தொன்றாம் குடுவை

இருபத்திரண்டு வருஷமாக அவள் ஊராருடைய தோலை வளர்த்துக்கொண்டிருந்தாள். சொன்னால் மாந்திரீக வேலை மாதிரிப் படும் என்பதால், யாராவது உத்தியோகம் என்னவென்று கேட்டால் "லேப்ல இருக்கேன்" என்பதோடு நிறுத்திக்கொள்வாள். அதற்கும் மேலே துருவினால் "பாட்டில் கழுவுறேன்" என்பாள். கேட்டவர் முகத்தில் மரியாதை இரண்டு படி இறங்கும். பேச்சும் அங்கேயே முடிந்துவிடும். அவளுக்கு வேண்டியதும் அதுதான்.

உண்மையான வேலை இது. ஆஸ்பத்திரியிலிருந்து மிளகளவுக்கு ஒரு தோல் துணுக்கு வரும். உள்ளங்கை அகலப் பிளாஸ்டிக் குடுவையில் அதைப் படுக்கவைத்து, மாதுளைச் சாறு நிறத்தில் இருக்கும் மீடியம் என்ற சத்துநீரை ஊற்றி, உடம்புச் சூட்டிலேயே இருக்கும் இன்குபேட்டர் அலமாரிக்குள் வைத்துவிட்டால், சில நாட்களில் துணுக்கிலிருந்து செல்கள் ஊர்ந்து வெளியே வந்து குடுவையின் தரையில் ஒட்டிக்கொள்ளும். ஒட்டியவை பெருகும். பெருகியதைப் பிரித்து வேறு குடுவைக்குக் குடி மாற்ற வேண்டும். மூன்று நாளைக்கு ஒருமுறை பழைய மீடியத்தைக் கொட்டிவிட்டுப் புதிது ஊற்ற வேண்டும். அந்த ஆய்வுக்கூடத்தில் அதற்கு 'ஊட்டுவது' என்று பெயர். காலை எட்டரைக்கு, இளஞ்சூடாக்கிய பாட்டில்களைத் தட்டில் அடுக்கிக்கொண்டு அவள் நடந்துவருவதைப் பார்த்து யாரோ எப்போதோ "பால்காரம்மா வந்தாச்சு" என்றார்கள். பெயர் ஒட்டிக்கொண்டது. செல்களுக்கு ஞாயிற்றுக்கிழமை தெரியாது. அதனால் அவளுக்கும் தெரியாமல் போனது. எங்கே யார் அழைத்தாலும் "ஊட்டிட்டு வந்துடுறேன்" என்பாள். புதிதாகக் கேட்பவர்கள் வீட்டில் கைக்குழந்தை இருக்கிறது போலும் என்று நினைப்பார்கள்.

கைக்குழந்தை இல்லை. கல்யாணம் ஆகவில்லை, ஆகாததற்குச் சொல்லிக்கொள்ளும்படியான காரணமும் இல்லை. மூன்றாவது மாடியில் ஒரு படுக்கையறை வீடு. இரண்டு தெரு தள்ளித் தம்பி, அவன் மனைவி, அவர்களுடைய ஐந்து வயதுப் பெண். அந்தக் குழந்தையை வீட்டில் எல்லோரும் பொடிசு என்றுதான் கூப்பிடுவார்கள்.

பொடிசுக்கு ஒன்றரை வயதில் மூன்று சொற்கள் இருந்தன. சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கவும் நடந்தது. அப்புறம் ஒவ்வொன்றாகத் திரும்பிப் போயின. முதலில் நடை, பிறகு சொற்கள், பிறகு ஸ்பூனைப் பிடிக்கும் பிடி. மூட்டை கட்டிக்கொண்டு வீட்டைக் காலி செய்கிற மாதிரி. இரண்டு வருஷம் ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக அலைந்த பிறகுதான் காரணம் தெரிந்தது.

அந்தக் காரணத்தைத் தம்பிக்கு விளக்கியவள் அவள்தான். சாப்பாட்டு மேசையில் ஒரு நூல்கண்டை வைத்துக்கொண்டு சொன்னாள். "ஒவ்வொரு செல்லுக்குள்ளயும் ரெண்டு மீட்டர் நூல் இருக்கு. கண்ணுக்கே தெரியாத இடத்துல அவ்வளவையும் சுத்திச் சுத்தி வெச்சிருக்கு. எந்த இடம் தளர்ந்து கிடக்கோ அதைத்தான் செல்லால படிக்க முடியும். இறுக்கிச் சுத்தின இடம் இருந்தும் இல்லாத மாதிரி. பொண்ணுங்களுக்கு எக்ஸ்னு ரெண்டு நூல். ஒவ்வொரு செல்லும் அதுல ஒண்ணை இறுக்கிக் கட்டி மூலையில போட்டுடும்."

"சரி."

"நம்ம பொடிசுக்கு ஒரு எக்ஸ்ல ஒரு எடம் கெட்டுப்போச்சு. இன்னொண்ணு நல்லாத்தான் இருக்கு. ஆனா நெறைய செல்லுல அந்த நல்லதைத்தான் கட்டி மூலையில போட்டிருக்கு."

தம்பி நூல்கண்டைக் கையில் எடுத்து உருட்டிப் பார்த்தான். "நல்லது உள்ளேயே இருக்கா?"

"உள்ளேயேதான் இருக்கு."

"அப்ப அவிழ்த்துவிட வேண்டியதுதானே, அக்கா."

ஆய்வுக்கூடத்தில் பதினாறு பேர் பதினோரு வருஷமாகச் செய்துகொண்டிருந்த வேலையை அவன் ஒரே வரியில் சொல்லிவிட்டான். நூலை வெட்டுவது பழைய வித்தை. இப்போது வந்திருப்பது வெட்டாத வித்தை. இறுக்கிக் கட்டிய நூலில் குறிப்பிட்ட ஓரிடத்தைத் தேடிப்போய், அங்கே மட்டும் சுற்றைத் தளர்த்திவிட்டு வந்துவிடும் ஒரு மூலக்கூறு. கூடத்தின் தலைவரான பேராசிரியர் அதை எலியில் செய்து பார்த்திருந்தார். அடுத்தது மனிதச் செல்.

அந்தச் சமயத்தில்தான் ஆஸ்பத்திரி அனுப்பிய ஆறு தோல் துணுக்குகளில் ஒன்றாக நாற்பத்தொன்று என்ற எண் ஒட்டிய சிறு குழாய் வந்தது. பெயர் கிடையாது, எண் மட்டும்தான். ஆனால் முந்தின நாள் சாயங்காலமே தம்பி போனில் சொல்லியிருந்தான், பொடிசின் கையில் ஒட்டிய சீட்டில் நாற்பத்தொன்று என்று எழுதியிருந்ததாக. சொந்தக்காரர்களின் மாதிரியைத் தொடக் கூடாது என்பது கூடத்தின் விதி. அவள் சொல்லியிருக்க வேண்டும். குழாயைக் கையில் வாங்கிய நிமிஷத்தில் வேறு கையில் கொடுக்க அவளுக்கு மனம் வரவில்லை. சொல்லாத ஒரு நாள் போனது. சொல்லாத ஒரு வாரம் போனது. அதற்குப் பிறகு சொல்வதற்கு அது ஒரு விஷயமாகவே இல்லை.

பொடிசின் செல்கள் நீளமானவை, மெலிந்தவை. மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் எண்ணெய் வைத்து வாரிய தலைமுடி போல ஒரே பக்கமாகச் சாய்ந்து கிடக்கும். சோம்பேறிகள். வெள்ளிக்கிழமை ஊட்டினால் செவ்வாய்க்கிழமை வரை மீடியம் சிவப்பாகவே இருக்கும். வேகமாகத் தின்னும் செல்களாக இருந்தால் மீடியம் மஞ்சளாகிவிடும். "உன் பொண்ணு அங்கயும் சரியா சாப்பிட மாட்டேங்கறா" என்று தம்பி மனைவியிடம் ஒருநாள் சொன்னாள். "பரம்பரை அண்ணி, எங்க வீட்டுக்காரரைப் பாத்ததில்லையா" என்றாள் அவள். அந்த வீட்டில் அன்றைக்கு வெகுநாள் கழித்துச் சிரிப்புச் சத்தம் கேட்டது.

மருந்து உறைபனிப் பெட்டியில் வந்தது. மூன்று விரற்கடை உயரக் குழாயில் அடியில் ஈரம் மாதிரிக் கொஞ்சம். தயாரிக்க ஏழு மாதம் பிடித்த சமாச்சாரம். பொடிசின் செல்களுக்குக் கொடுக்கும்போதே, மருந்து செல்லுக்குள்ளே நுழைகிறதா என்று பார்க்க ஒரு முரட்டுச் செல் வகையிலும் அதை ஊற்றிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எந்தக் காலத்திலோ செத்துப்போன ஒரு மனிதரின் கட்டியிலிருந்து எடுத்து, உலகம் முழுக்கக் கூடங்களில் வளர்ந்துகொண்டிருக்கும் வகை அது. தரையில் பாவிய கல் மாதிரி நெருக்கியடித்துக்கொண்டு வளரும். எதைப் போட்டாலும் சாகாது. கூடத்தில் அதற்குத் தடியன் என்று பெயர்.

ஒரு செல் வகைக்கு ஒரு பாட்டில். இதுதான் செல் வளர்ப்பவர்களின் முதல் பாடம். இரண்டு வகைக்கு ஒரே பாட்டிலிலிருந்து ஊட்டக் கூடாது. வேலைக்குப் புதிதாகச் சேர்கிறவர்களுக்கு இதை அவளே எத்தனையோ முறை சொல்லிக்கொடுத்திருக்கிறாள். ஆனால் மருந்து கலந்த மீடியத்தை இரண்டு பாட்டிலில் பிரித்தால், இரண்டு பாட்டிலின் சுவரிலும் கொஞ்சம் கொஞ்சம் ஒட்டி வீணாகும். இருப்பதே ஈரம் மாதிரி. வீணாவது பொடிசுக்குப் போக வேண்டியது என்று அவளுக்குப் பட்டது. ஒரே பாட்டிலில் கலந்தாள். முதலில் நாற்பத்தொன்றுக்கு ஊட்டுவாள், அப்புறம்தான் தடியனுக்கு. ஒவ்வொரு தடவையும் உறிஞ்சி எடுக்கப் புதுப் பிப்பெட் குழல். வரிசை மாறாதவரை ஒன்றும் ஆகாது. அவள் கை இருபத்திரண்டு வருஷத்துக் கை.

வரிசை ஒரே ஒரு நாள் மாறியது. மருந்து தொடங்கி நான்காம் நாள். பொடிசுக்கு வலிப்பு என்று தம்பி மனைவி போன் செய்த காலை. அன்றைக்குத் தடியனின் குடுவைதான் கைக்கு முதலில் வந்தது. ஊட்டிவிட்டு மூடியும்விட்டாள். அப்புறம் அதே பாட்டிலில் பிப்பெட்டை விட்டு நாற்பத்தொன்றுக்கு எடுத்தாள். பிப்பெட்டை மாற்றினாளா என்பது அன்று சாயங்காலமே அவளுக்கு ஞாபகம் இல்லை.

இரண்டாம் வாரம் முடிவில் பேராசிரியரின் அறையில் எல்லோரும் கூடியிருந்தார்கள். செல்கள் என்ன படிக்கின்றன என்பதை அளந்து கோடு போட்டுக் காட்டும் வேலை கணக்குக்காரருடையது. ஒல்லியான மனிதர், எப்போதும் எதையாவது மென்றுகொண்டிருப்பார். பொடிசின் செல்களில் மூலையில் கிடந்த அந்த நல்ல இடத்தை அந்தச் செல்கள் இப்போது எவ்வளவு படிக்கின்றன என்று திரையில் காட்டினார். முதல் அளவு நாலு சதவீதம். அடுத்தது பத்தொன்பது. அதற்கடுத்தது அறுபத்தொன்று.

"என்ன பால்காரம்மா, பசங்களுக்கு ரகசியமா எதையாவது கலந்து குடுக்கறீங்களா?" என்றார். "நான் போட்ட கோடு இவ்வளவு ஒழுங்கா மேல போய்ப் பாத்ததே இல்ல. எனக்கே என் மேல சந்தேகமா இருக்கு."

சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். ஒப்பிட்டுப் பார்க்க மருந்து ஊற்றாமல் வைத்திருந்த நாற்பத்தொன்றின் இன்னொரு குடுவையில் கோடு அசையவே இல்லை, அப்படியென்றால் மருந்துதான் வேலை செய்கிறது என்றார் பேராசிரியர். முதல் வாரம் மருந்துக் குடுவையில் நிறைய செல்கள் செத்து மிதந்ததை அவள் சொன்னபோது, எந்த மருந்துக்கும் முதலில் கொஞ்சம் சாகத்தான் செய்யும் என்றார். அவளும் அதையே நினைத்திருந்தாள். மிதந்ததைக் கொட்டிவிட்டுப் புதிது ஊற்றியிருந்தாள்.

எலிகளின் முடிவு, இந்தக் கோடு, வேறு இரண்டு கூடங்களின் அறிக்கை எல்லாவற்றையும் ஆஸ்பத்திரிக் குழு பார்த்தது. குழந்தையின் நிலைமை இறங்கிக்கொண்டே போவதால் அனுமதி கொடுத்தது. முதுகுத் தண்டில் ஊசி. தேதி குறித்தார்கள், திங்கட்கிழமை.

அந்தத் திங்கட்கிழமைக்கு ஒரு வாரம் முந்தின திங்கட்கிழமை காலை, அவள் இன்குபேட்டர் கதவைத் திறந்தாள். கதவு வழக்கம்போலப் பெருமூச்சு விட்டது. இரண்டாவது தட்டில் நாற்பத்தொன்றின் மருந்துக் குடுவை மஞ்சளாக இருந்தது.

வெள்ளிக்கிழமை ஊட்டியது. செவ்வாய் வரை சிவப்பாக இருக்க வேண்டியது.

குணமாகி வருகிறது, பசிக்கிறது, அவ்வளவுதான் என்று ஒரு மூச்சு நேரம் நினைத்தாள். அப்புறம் மைக்ராஸ்கோப்பில் வைத்தாள். வாரிய தலைமுடி எங்கேயும் இல்லை. ஓரத்தில் ஒன்றிரண்டு இழைகள் ஒதுங்கிக் கிடந்தன. மற்ற இடமெல்லாம் பாவிய கல். போன வாரம் இதைப் பார்த்துத்தான் கணக்குக்காரர் "மருந்துல உருவமே மாறுது, பாருங்க" என்று சந்தோஷப்பட்டார். அவளும் தலையாட்டினாள். தெரிந்த ஆளை எதிர்பாராத இடத்தில் பார்த்தால் யாரோ என்று நினைத்துவிடுவோம். இரண்டாம் தடவை உற்றுப் பார்த்தால்தான் அடையாளம் தெரியும். இது தடியன்.

யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. மீடியத்தை மாற்றினாள், மூடினாள், கை கழுவினாள். மறுநாள் செவ்வாய்க்கிழமை காலை, குடுவையிலிருந்து கொஞ்சம் செல்லை எடுத்துத் தானே ஒரு சோதனை செய்தாள். சிறுபிள்ளைத்தனமான சோதனை. பொடிசு பெண். பெண்ணிடம் ஒய் நூல் இருக்கவே இருக்காது. தடியனைத் தந்தவர் ஆண். ஒய் இருந்தால், நூலைப் பிரித்துக் காட்டும் ஜெல் தகட்டில் ஒளிரும் பட்டை ஒன்று தெரியும், இல்லாவிட்டால் தெரியாது.

பட்டை தெரிந்தது. விளக்கை அணைத்துவிட்டுப் பார்த்தாலும் தெரியும் போலத் தடிமனாகத் தெரிந்தது.

அந்தச் சின்ன இருட்டறையில் நின்றுகொண்டு அவள் எல்லாவற்றையும் பின்னோக்கிக் கூட்டிப் பார்த்தாள். ஆணுக்கு ஒரே எக்ஸ். அதை யாரும் இறுக்கிக் கட்டி மூலையில் போடுவதில்லை. எப்போதும் தளர்ந்தே கிடக்கும். தடியன் அந்த இடத்தைப் பிறந்ததிலிருந்து படித்துக்கொண்டிருக்கிறான். நாலு, பத்தொன்பது, அறுபத்தொன்று என்று ஏறியது மருந்தின் வேலை இல்லை. குடுவைக்குள் தடியன் பெருகிய கணக்கு. ஒய் நூலின் அடையாளம் அந்த அளவுகளிலேயே எங்கோ இருந்திருக்கும். கணக்குக்காரர் கேட்ட இடத்தை மட்டும் பார்த்தார். மருந்து ஊற்றாத குடுவைக்குத் தனிப் பாட்டில். அதனால் அங்கே கோடு அசையவில்லை. இவ்வளவையும் கெடுத்தது ஒரே பாட்டில், ஒரே காலை, ஒரே கை.

நேரே பேராசிரியர் அறைக்குப் போயிருக்க வேண்டும். போனாள் என்றுகூடச் சொல்லலாம். கதவுக்கு எட்டடி தூரம் வரை போனாள். உள்ளே அவர் யாரிடமோ போனில் சிரித்துக்கொண்டிருந்தார். அங்கே நின்றபோது அவளுக்கு இன்னொன்று தோன்றியது. மருந்து வேலை செய்யவில்லை என்று யாரும் நிரூபிக்கவில்லையே. அது பொடிசின் செல்லில் வேலை செய்ததா இல்லையா என்பது இன்னும் யாருக்கும் தெரியாது, அவ்வளவுதான். மருந்துக்கு முன்பே உறையவைத்த, கலப்படமில்லாத நாற்பத்தொன்று உறைகலத்தில் இரண்டு குழாய் இருக்கிறது. அதை உருக்கி எழுப்பி, புதுப் பாட்டிலில் மிச்சமிருக்கும் மருந்தைக் கலந்து ஊற்றினால் மூன்றே நாளில் ஓரளவு தெரிந்துவிடும். வெள்ளிக்கிழமை. ஊசி திங்கட்கிழமைதான். மருந்து நிஜமாகவே வேலை செய்தால் நடந்ததெல்லாம் ஒரு கைப்பிசகு, வேடிக்கைக் கதை. செய்யாவிட்டால் வெள்ளிக்கிழமையே சொல்லிவிடலாம். யாருக்கும் எந்த நஷ்டமும் இல்லை. ஆனால் இப்போதே சொன்னால் திங்கட்கிழமை போய்விடும். மறுபடி ஏழு மாதம். பொடிசுக்கு ஏழு மாதம் இருக்கிறதா என்று எந்த டாக்டரும் வாய்விட்டுச் சொன்னதில்லை.

எட்டடியிலிருந்து திரும்பி வந்தாள்.

தம்பிக்குப் போன் செய்தாள். "இந்த வாரம் தலைக்கு மேல வேலை. என்னைக் கூப்பிடாதீங்க. நானே வர்றேன்."

"என்ன அக்கா, குரல் ஒரு மாதிரி இருக்கு?"

"சளி. குழந்தைக்கு ஒட்டிக்கும், அதனாலதான் வரல."

"சரி. உடம்பப் பாத்துக்கோ. இந்தப் பக்கம் நாங்க எல்லாம் பாத்துக்கறோம்."

அன்றே ஒரு குழாயை எழுப்பினாள். புதன்கிழமை காலைக்குள் செல்கள் ஒட்டிக்கொண்டிருந்தன. வாரிய தலைமுடி, ஒரு இழை பிசகாமல். இரண்டு குடுவையாகப் பிரித்தாள். பத்து மணிக்கு ஒன்றில் மருந்தை ஊற்றினாள். மற்றதில் வெறும் மீடியம். இரண்டுக்கும் தனித்தனிப் பாட்டில். இந்தத் தடவை ஒவ்வொரு பிப்பெட்டையும் எடுத்ததும் வாய்விட்டு எண்ணினாள்.

வியாழக்கிழமை மருந்துக் குடுவையில் இழைகள் கொஞ்சம் உருண்டிருந்தன. முதலில் கொஞ்சம் சாகத்தான் செய்யும் என்று பேராசிரியரின் வாக்கியத்தைச் சொல்லிக்கொண்டாள். மத்தியானம் கணக்குக்காரர் கதவோரம் நின்று, "என்ன, ரெண்டு நாளா சத்தமே இல்ல? பசங்க ஏதாவது தொல்லை பண்றாங்களா?" என்று கேட்டார். "ஒண்ணும் இல்ல" என்றாள். அவர் மென்றுகொண்டே கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போனார்.

வெள்ளிக்கிழமை காலை குடுவையைக் கையில் எடுத்தபோதே தெரிந்தது. வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துச் சாய்த்தால் மீடியம் தெளிவாக ஓட வேண்டும். மாவு கரைத்த மாதிரிக் கலங்கி ஓடியது. பாதிக்கு மேல் தரையை விட்டுவிட்டு மிதந்தன. விடாதவையும் சுருண்டு, ஒரு முனையில் மட்டும் பிடித்துக்கொண்டு ஆடின. வெறும் மீடியம் ஊற்றிய குடுவையில் எதுவும் ஆகவில்லை.

அவளுக்குக் கடைசிக் கணக்கும் புரிந்தது. தடியன் அவ்வளவு சீக்கிரம் குடுவையைப் பிடித்தது அவன் சாமர்த்தியத்தால் மட்டும் இல்லை. இடம் காலியாகிக்கொண்டே வந்திருக்கிறது. பொடிசின் செல்கள் முதல் வாரத்திலிருந்தே செத்துக்கொண்டிருந்தன. அவள் அவற்றைக் கொட்டிக்கொண்டிருந்தாள். காலியான இடத்தில் வந்து உட்கார்ந்தவனைப் பார்த்து, குணமாகிறது என்று பதினாறு பேரும் சந்தோஷப்பட்டார்கள்.

இந்தத் தடவை கதவு வரை போய்த் தட்டவும் செய்தாள்.

பேராசிரியர் நல்ல மனிதர். குறுக்கே பேசாமல் கேட்டார். ஜெல் படத்தைப் பார்த்தார், இரண்டு குடுவையையும் பார்த்தார். ஒரே பாட்டில் என்று அவள் சொன்னபோது கண்ணை மட்டும் ஒருமுறை மூடித் திறந்தார்.

"நீங்களா? நீங்க எப்படிம்மா ஒரே பாட்டில்ல..."

"மருந்து வீணாகக் கூடாதுன்னு, சார்."

"வீணானா ஆகட்டுமே."

சொல்ல வேண்டிய இன்னொன்று பாக்கி இருந்தது. "நாற்பத்தொண்ணு என் தம்பி பொண்ணு, சார்."

பேராசிரியர் நாற்காலியில் சாய்ந்தார். தனக்கே சொல்லிக்கொள்வது போல, "அப்ப உங்களுக்குத் தெரிஞ்சிருக்குமே" என்றார்.

"எது சார்?"

"திங்கட்கிழமை முழு டோஸ். அதுக்கு முன்னாடி பத்துல ஒரு பங்கு போட்டு அஞ்சு நாள் பாக்கணும்னு ஆஸ்பத்திரிக் குழு கடைசியா ஒரு நிபந்தனை வெச்சாங்க. எனக்கே செவ்வாய்க்கிழமை சாயங்காலம்தான் சொன்னாங்க." கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். "புதன்கிழமை காலையில போட்டாச்சும்மா. பத்து மணிக்கு."

அவர் ஆஸ்பத்திரிக்குப் போன் போடத் தொடங்கியபோது அவள் படியில் இறங்கிக்கொண்டிருந்தாள். லிஃப்ட்டுக்குக் காத்திருக்கக் கால் நிற்கவில்லை. தம்பியின் எண்ணை அழுத்தினாள், அவன் எடுக்கவில்லை. தம்பி வீட்டுக்கு டாக்ஸியில் வந்தாளா, ஆட்டோவில் வந்தாளா என்று பின்னால் கேட்டால் அவளால் சொல்லியிருக்க முடியாது.

தம்பி கதவைத் திறந்தான். உதட்டில் விரலை வைத்திருந்தான்.

"மெதுவா வா அக்கா. தூங்கறா. போனையெல்லாம் சைலன்ட்ல போட்டுட்டோம்." முகம் முழுக்கச் சிரிப்பு. மூன்று வருஷமாக அவள் பார்த்திராத சிரிப்பு. "உனக்கு எப்படித் தெரிஞ்சது? நீ கூப்பிடாதேன்னியேன்னு சொல்லாம வெச்சிருந்தேன். திங்கட்கிழமை ஒட்டுமொத்தமா சொல்லி உன்னை அசத்தலாம்னு. புதன்கிழமையே சின்ன ஊசி போட்டுட்டாங்க."

"எப்பலேருந்து தூங்கறா?"

"அதான் விஷயமே. ராத்திரி ரெண்டு மணி, மூணு மணி வரைக்கும் கத்துவாளே, நேத்து எட்டு மணிக்கே படுத்துட்டா. இன்னிக்குக் காலையில கொஞ்சம் கண்ணத் தொறந்தா, திரும்பப் படுத்துட்டா. ஆஸ்பத்திரியிலயும் போன்ல கேட்டாங்க. நல்லாத் தூங்கறான்னேன். நல்லதுன்னாங்க."

தம்பி மனைவி உள்ளறையிலிருந்து வந்தாள். அவளும் சிரித்த முகம்தான், ஆனால் அது அந்தளவு உறுதியாக ஒட்டவில்லை. "மருந்து கேக்குது போலன்னு இவர் சொல்றார் அண்ணி. எனக்கு என்னவோ... சாப்பாடு குடுக்கலாம்னு எழுப்பினேன். எழுந்திரிக்கல. விடு, தூங்கட்டும்ங்கறார்."

"எத்தனை தடவை எழுப்பின?"

"மூணு தடவை."

அவள் உள்ளே போனாள். திரை போட்ட அறை. பொடிசு ஒருக்களித்துப் படுத்திருந்தது. முகத்தில் எந்தக் கஷ்டமும் இல்லை. பேர் சொல்லிக் கூப்பிட்டாள். கன்னத்தைத் தட்டினாள். உள்ளங்காலை நகத்தால் கீறினாள். கால் விரல்கள் வெகு நேரம் யோசித்துவிட்டு, லேசாக அசைந்தன.

"என்ன பண்ற அக்கா? பாவம், தூங்கவிடு."

"வண்டியக் கூப்பிடு. ஆஸ்பத்திரிக்குப் போறோம்."

"எதுக்கு? திங்கட்கிழமைதானே..."

"கூப்பிடுடா."

அவள் அவனை டா போட்டுக் கூப்பிட்டு இருபது வருஷம் இருக்கும். அவன் வண்டியைக் கூப்பிட்டான்.

வண்டியில் தம்பி மனைவி மடியில் குழந்தை. பக்கத்தில் அக்கா, குழந்தையின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு வந்தாள். நாடியை எண்ணினாள், எண் தவறியது, மறுபடி முதலிலிருந்து எண்ணினாள். தம்பி முன் சீட்டிலிருந்து திரும்பித் திரும்பிப் பார்த்தான். "சளி போயிடுச்சா உனக்கு?" என்று கேட்டான். பேச்சுக்கு வேறு எதுவும் கிடைக்காமல் கேட்ட கேள்வி. அவள் தலையசைத்தாள்.

ஆஸ்பத்திரியில் பேராசிரியரின் போன் முன்னமே வந்து சேர்ந்திருந்தது. குழந்தையை வாங்கிக்கொண்டு இரண்டு நர்ஸ்கள் உள்ளே ஓடினார்கள். ஓடுவதைப் பார்த்த பிறகுதான் தம்பியின் முகத்தில் சிரிப்பு முழுசாகப் போனது. நீல விளக்கெரியும் கதவுக்கு வெளியே மூன்று பேரும் நின்றார்கள். கொஞ்ச நேரத்தில் ஒரு பெண் டாக்டர் கையில் காகிதத்தோடு வெளியே வந்தார்.

"லேப்லேருந்து ஒருத்தங்க வந்திருக்காங்கன்னு சொன்னாங்க. நீங்களா?"

"ஆமா."

"செல்லுல என்ன பாத்தீங்க? சீக்கிரம் சொல்லுங்க. அதுக்குத் தகுந்த மாதிரிதான் உள்ள எதையாவது பண்ண முடியும்."

"முதல் நாள் ஒண்ணும் தெரியாது. ரெண்டாம் நாள் உருண்டை பிடிக்கும். மூணாம் நாள் பாதிக்கு மேல தரையை விட்டுடும்." தான் பேசும் குரல் வேறு யாருடையதோ போல் கேட்டது. "நான் ஊத்தினது முழு அளவு. இது பத்துல ஒரு பங்கு. அதுல எவ்வளவு ஆகும்னு எனக்குத் தெரியாது. மருந்து எடுத்துட்டா மீதி பிழைக்குமான்னும் தெரியாது. அதை நான் பாக்கல."

டாக்டர் எழுதிக்கொண்டார். "முன்னாடி வந்த அறிக்கையில அறுபது சதவீதம் சரியாச்சுன்னு இருக்கே."

"அது இவளோட செல் இல்ல. வேற செல் கலந்துபோச்சு."

தம்பி சுவரிலிருந்து முதுகை எடுத்தான். "எது இவளோடது இல்ல?"

டாக்டர் அவனைப் பார்க்கவில்லை. பேனா காகிதத்தின் மேலேயே நின்றது. "கலந்துபோச்சுன்னு எப்ப தெரிஞ்சது? தேதியோட வேணும்."

உள்ளேயிருந்து ஏதோ மிஷின் விட்டுவிட்டுச் சத்தம் போட்டது. தம்பி மனைவி கதவின் கண்ணாடியில் நெற்றியை வைத்துக்கொண்டு நின்றாள், திரும்பவில்லை. தம்பி அக்காவின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான். இன்றைக்குக் காலையில்தான் என்று சொல்லலாம். குடுவையைப் பார்த்தது இன்றைக்குக் காலையில்தானே, அது பொய்யும் ஆகாது.

"செவ்வாய்க்கிழமை" என்றாள். "செவ்வாய்க்கிழமை காலையில, பதினொரு மணிக்கு."

டாக்டர் எழுதிவிட்டு உள்ளே போனார். கதவு மூடியது. புதனுக்கு முந்தின நாள் செவ்வாய் என்பதைத் தம்பி விரல் விட்டு எண்ணிப் பார்ப்பவன் போல் கையை விரித்து வைத்துக்கொண்டு நின்றான். பிறகு மெதுவாக நடந்துபோய், அவள் இல்லாத பக்கத்துச் சுவரில் சாய்ந்துகொண்டான்.